ஆயிரத்துச் சொச்சம்

பத்து மணிக்கு அடித்த மணி எப்போதோ ஓய்ந்துவிட்டது. ஆனாலும் அதன் அதிர்வு ஜன்னல் கம்பிகளில் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பதுபோல் ஜெசிந்தாவுக்குப் பட்டது. அறையில் இருபத்தைந்து மேசைகள், இருபத்து நான்கு தலைகள். வராத ஒருவனின் பதிவெண்ணைச் சிவப்பு மையில் எழுதியாகிவிட்டது. மாணவர்கள் தேர்வுக்குக் கொண்டுவந்த நீராவி அட்டவணைப் புத்தகங்களைப் புரட்டி, உள்ளே பென்சிலில் ஏதாவது கிறுக்கியிருக்கிறார்களா என்று பார்த்து, முதல் பக்கத்தில் கையெழுத்தும் போட்டாகிவிட்டது. இனி ஒரு மணிவரை நடக்கலாம், நிற்கலாம். உட்காரக் கூடாது, படிக்கக் கூடாது, போன் கூடாது. போன் கீழே தேர்வுக் கட்டுப்பாட்டு அறையில், அவள் பெயர் எழுதிய பழுப்பு உறைக்குள், அணைந்து கிடக்கிறது. சும்மா இருப்பதற்குத் தனிப் பயிற்சி வேண்டும் மேடம், வாத்தியார்களுக்கு அது கிடையாது என்று கட்டடவியல் துறை வேலாயுதம் சொல்வார். ஜெசிந்தாவுக்கு அந்தக் கஷ்டம் இருந்ததில்லை. அவளுக்குப் பகா எண்கள் இருந்தன. இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று. ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதாலும் மிச்சமில்லாமல் வகுபடாதவை. ஆயிரத்துக்குள் நூற்று அறுபத்தெட்டு. எம்.எஸ்ஸி. படித்த நாளில் மனப்பாடம் செய்தது; செபமாலை மணியைத் தள்ளுவதுபோல் விரலை நகர்த்தினால் நாக்கு தானாகச் சொல்லிக்கொண்டு போகும். கண்காணிப்பு நாட்களில் கதவிலிருந்து கரும்பலகைக்கும் கரும்பலகையிலிருந்து கதவுக்கும் அவள் இப்படித்தான் நடந்தாள். இன்று மட்டும் அந்த மாலை நகரவில்லை. பதினேழுக்கோ பத்தொன்பதுக்கோ வந்ததும் நேற்றைய எண் குறுக்கே வந்து நின்றது. 10,22,117. பத்து லட்சத்து இருபத்திரண்டாயிரத்து நூற்றுப் பதினேழு. முடிந்துபோன கணக்கு அது. காலை ஒன்பது இருபத்து நான்குக்கு, போனை உறையில் போடுவதற்கு முன், ‘பகா எண்’ என்று சிநேகிதி உமையாளுக்கு அனுப்பிவிட்டாள். அனுப்பிய மறுகணமே இரண்டு டிக்கும் நீலமாயின. போனைக் கையில் வைத்துக்கொண்டே காத்திருந்தாள்போல. பிறகு உறையின் வாயை ஒட்டிக் கொடுத்துவிட்டு மாடியேறினாள். ஒரு வேலை முடிந்த நிம்மதிகூட இருந்தது, உண்மையைச் சொன்னால்.

மின்விசிறியின் நடுவில் ஒரு திருகு தளர்ந்து டக் டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. விடுதியில் அவள் அறை விசிறியும் இப்படித்தான். பல்கலைக்கழக விடுதியில் அவளும் உமையாளும் இரண்டு வருடம், எதிரெதிர் அறைகள். கதவைச் சாத்திக்கொண்டால் எதற்குச் சாத்தியிருக்கிறாள் என்று மற்றவளுக்குத் தெரிய வேண்டும் என்று சொல்லி, கதவில் சாக்பீஸால் எண் எழுதும் வழக்கத்தைக் கொண்டுவந்தவள் உமையாள்தான். பகா எண் என்றால் என்னை விடு. பகு எண் என்றால் உள்ளே வா. இரண்டாகவோ மூன்றாகவோ பிரித்துக்கொள்ள இடம் இருக்கிறது என்று அர்த்தம். தட்டக் கூடாது, கேட்கக் கூடாது, எண்ணைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். வார்டன் அம்மாள் ஒருநாள் கதவருகே நின்று கண்ணாடியை ஏற்றிவிட்டு, “என்னங்கடி இது, வண்ணானுக்குப் போட்ட துணிக் கணக்கா? நானூத்திமூணு துணியா போட்டீங்க?” என்றாள். நானூற்று மூன்று பதின்மூன்றும் முப்பத்தொன்றும் பெருக்கியது, உள்ளே வரலாம் மேடம் என்று உமையாள் சொல்ல, வார்டன் உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்து அரைமணி நேரம் தன் மருமகளைப் பற்றிப் பேசிவிட்டுப் போனாள். ஒண்ணுன்னு எழுதினா என்னடி அர்த்தம் என்று ஜெசிந்தா ஒருமுறை கேட்டாள். “ஒண்ணு, ரெண்டுலயும் சேராது. பகாவும் இல்ல, பகுவும் இல்ல. உள்ள ஆள் இருக்கா இல்லையான்னே தெரியாது. அத மட்டும் எழுதாத.” இருபத்துச் சொச்சம் வருடம் கழித்து அந்த வழக்கத்தை மறுபடி எடுத்தவளும் அவள்தான். மருத்துவமனையிலிருந்து வந்த வாரம். கருமண்டபத்தில், இரண்டாவது மாடியில், அவள் மட்டும் இருக்கிற வீடு. விவாகரத்து முடிந்து ஏழு வருடம். பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டாள், காரைக்குடியிலிருந்து அண்ணன் மாதம் ஒருமுறை பேசுவார். தலையணையில் சாய்ந்துகொண்டு, கையில் ஊசி குத்திய இடத்தைத் தடவியபடி சொன்னாள். “எப்படி இருக்க எப்படி இருக்கன்னு தெனம் கேக்காதடி ஜெசி. எரிச்சலா இருக்கு. ஞாயித்துக்கிழம ஒரு நம்பர் அனுப்பறேன். நீயே பாத்துக்க. கம்ப்யூட்டர்ல போட்டுப் பாக்கறதா இருந்தா நீ வரவே வேணாம்.” சரி என்று தலையாட்டினாள் ஜெசிந்தா. அன்று எதற்கு வேண்டுமானாலும் தலையாட்டியிருப்பாள். அதற்கு ஒன்பது நாள் முன்னால், ஒரு புதன்கிழமை, உமையாள் போனில் கேட்டிருந்தாள். வர்றியா ஜெசி? விடைத்தாள் திருத்தும் முகாம் நடந்துகொண்டிருந்தது. சனிக்கிழம வரேண்டி என்றாள். வியாழன் விடிந்தபோது உமையாள், இருந்த மாத்திரையெல்லாம் விழுங்கி, தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாள். “வான்னு சொல்லிப் பாத்தாச்சு,” என்று தலையணையில் சாய்ந்தபடி சிரித்தாள். “அது வேலைக்கு ஆகல.”

அதற்குப் பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட ஞாயிற்றுக்கிழமைகள். வந்தவை பெரும்பாலும் பகா எண்கள். நான்கு முறைதான் பகு எண் வந்தது. நான்கு முறையும் போனாள். போனால் ஒன்றும் இருக்காது. காபி போடுவாள், இருவரும் பால்கனியில் நிற்பார்கள், எதிர்வீட்டு நாய் குரைக்கும், கிளம்பும்போது படிவரை வருவாள். அவ்வளவுதான். எண்கள் வரவரப் பெரிதாயின. முதலில் மூன்று இலக்கம், அப்புறம் நான்கு, ஐந்து. நேற்று ஏழு இலக்கம். மாலை ஏழு மணி இருக்கும், கணவர் சேவியர் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார், ஜெசிந்தா சமையல் மேடையில் பழைய விடைத்தாளின் முதுகைப் பரப்பி வகுக்க ஆரம்பித்தாள். கடைசி இலக்கம் ஏழு, இரண்டும் ஐந்தும் போயிற்று. இலக்கங்களைக் கூட்டினால் பதினான்கு, மூன்று போயிற்று. மூன்று மூன்றாக வெட்டி மாற்றிக் கூட்டிக் கழித்தால் தொண்ணூற்றாறு, ஏழு, பதினொன்று, பதின்மூன்று மூன்றும் ஒரே அடியில் போயின. பதினேழுக்கு மிச்சம் ஒன்பது. பத்தொன்பதுக்குப் பன்னிரண்டு. இருபத்து மூன்றுக்கு இருபது. “உன் ஃப்ரெண்டுக்கு நீ என்ன நர்ஸா?” என்று உள்ளேயிருந்து சேவியர் குரல் கொடுத்தார். கோபமில்லை, வழக்கமாகச் சொல்வதுதான். வாரத்தில் மூன்று நாள் தேர்வுப் பணி, செவ்வாய்க்கிழமை மகளின் பல் வைத்தியம், வெள்ளி மாமியார் வருகிறார். இருநூறைத் தாண்டியபோது மிச்சம் வரும் ஒவ்வொரு தடவையும் உள்ளே ஏதோ ஒன்று லேசாகத் தளர்ந்தது. அதை அவள் கவனித்தாள். கவனித்துவிட்டுக் கவனிக்காதவள்போல அடுத்த எண்ணுக்குப் போனாள். மீதிப் பாதியை இன்று காலை கல்லூரிப் பேருந்தில் முடித்தாள். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்றுக்கு மிச்சம் முந்நூற்றுத் தொண்ணூற்றாறு. தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழுக்கு நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. அட்டவணை முடிந்தது. நூற்று அறுபத்தெட்டும் தோற்றன. பகா எண். என்னை விடு. விடுகிறேன்டி உமையாள், இந்த வாரம் விட்டுவிடுகிறேன் என்று பேருந்தின் ஜன்னலில் தலையைச் சாய்த்தாள். மணிகண்டம் தாண்டிச் சாலையோரம் யாரோ தர்பூசணி குவித்து வைத்திருந்ததுகூட நினைவிருக்கிறது.

“மேம்.” மூன்றாவது வரிசையில் இரட்டைச் சடைப் பெண் கையைத் தூக்கியிருந்தாள். ஜெசிந்தா போய்க் குனிந்தாள். பெண் நீராவி அட்டவணையின் கடைசிப் பக்கத்தை விரலால் தட்டினாள். “மேம், கேள்வில குடுத்திருக்கற பிரஷர் இதுல இல்ல மேம். டேபிள் முடிஞ்சிடுச்சு.” கண்ணில் நீர் கட்டியிருந்தது. இந்த அழுகையை இருபது வருடமாகப் பார்த்திருக்கிறாள். “கேள்வியப் பத்தி நான் ஒண்ணும் சொல்லக் கூடாதும்மா. இருக்கறத வச்சு எழுது.” “இருக்கறத வச்சு எப்படி மேம்? டேபிள் முடிஞ்சா கணக்கும் முடிஞ்சிடுமா?” பெண் எரிச்சலில் சொன்னாள், சொல்லிவிட்டுப் பயந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். பின்வரிசையில் யாரோ மூக்கால் சிரித்தான். “பேசாம எழுது,” என்று சொல்லிவிட்டு ஜெசிந்தா நிமிர்ந்தாள், இரண்டடி நடந்தாள், மூன்றாவது அடியை வைக்கவில்லை. டேபிள் முடிஞ்சா. எந்த டேபிள்? தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழில் முடிகிற டேபிள். விடுதி நாட்களில் இருவரும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்ட புத்தகத்தின் பின்னட்டையில் இருந்தது, ஒரு பக்கம், கடைசி வரியில் கடைசி எண். ஒரு எண் பகா எண்தானா என்று பார்க்க எதுவரை வகுக்க வேண்டும்? அதன் வர்க்கமூலம்வரை. முதலாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் கரும்பலகையில் அடிக்கோடிட்டு அவள் சொல்வது. பத்து லட்சத்துக்கு வர்க்கமூலம் ஆயிரம். அதனால்தான் அட்டவணை போதும் என்று நினைத்தாள். ஆனால் அது பத்து லட்சம் இல்லை. பத்து லட்சத்து இருபத்திரண்டாயிரத்துச் சொச்சம். மூலம் ஆயிரம் இல்லை, ஆயிரத்துச் சொச்சம். அந்தச் சொச்சம் எவ்வளவு? ஆயிரத்துப் பத்தைத் தாண்டுகிறது. ஆயிரத்துக்கும் அதற்கும் இடையில் ஏதாவது பகா எண் உண்டா என்று அவள் கேட்டுக்கொள்வதற்குள் நாக்கு சொல்லிவிட்டது. ஆயிரத்து ஒன்பது. செபமாலையில் இல்லாத மணி. நூற்று அறுபத்தொன்பதாவது. சரி, அதையும் போட்டுப் பார்த்துவிட்டால் போகிறது. இத்தனைக்கும் மிச்சம் வந்திருக்கிறது, இதற்கும் வரும். ஆயிரத்து ஒன்பதை ஆயிரத்தால் பெருக்கினால் பத்து லட்சத்து ஒன்பதாயிரம். போக, பதின்மூன்றாயிரத்து நூற்றுப் பதினேழு. பதின்மூன்று ஆயிரம் பதின்மூன்றாயிரம். பதின்மூன்று ஒன்பது நூற்றுப் பதினேழு. பதின்மூன்றாயிரத்து நூற்றுப் பதினேழு. மிச்சம் இல்லை. அவள் மறுபடி போட்டாள். மிச்சம் இல்லை. கரும்பலகையின் மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மூன்றாம் முறை, சின்னப் பிள்ளைபோல விரலால் சட்டத்தின்மேல் எழுதிப் போட்டாள். ஆயிரத்து ஒன்பது பெருக்கல் ஆயிரத்துப் பதின்மூன்று. இரண்டும் பகா எண்கள். வேறு காரணியே கிடையாது. பத்து லட்சத்துச் சொச்சத்துக்குள் கதவு ஒன்றே ஒன்றுதான், அது அவள் நின்ற இடத்துக்கு அடுத்த அடியில் இருந்தது.

இருபத்து நான்கு பேனாக்கள் ஓடிக்கொண்டிருந்தன. சுவர்க் கடிகாரத்தில் பத்து ஐம்பத்து மூன்று. பதறாதே என்று சொல்லிக்கொண்டாள். உமையாளிடமும் அதே அட்டவணைதான் இருக்கிறது. அவளும் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழோடு நின்று, பகா எண் என்று நம்பி அனுப்பியிருக்கலாம். அப்படியானால் விடு என்றுதான் சொன்னாள், விட்டாயிற்று, ஒரு குறையும் இல்லை. இரண்டு பேரும் ஒரே தப்பைச் செய்தால் தப்பே இல்லை என்பதுபோல. ஆனால் ஆயிரத்து ஒன்பது, ஆயிரத்துப் பதின்மூன்று. நடுவில் ஆயிரத்துப் பதினொன்று. அதன் வர்க்கம் பத்து லட்சத்து இருபத்திரண்டாயிரத்து நூற்று இருபத்தொன்று. அதிலிருந்து எண்ணைக் கழித்தால் நான்கு. நான்கு, இரண்டின் வர்க்கம். ஆயிரத்துப் பதினொன்றிலிருந்து இரண்டைக் கழித்தது ஒன்று, கூட்டியது ஒன்று என்று அப்படியே இரண்டாகப் பிளந்துவிடுகிறது. ஒரே அடி. மேலே இருக்கிற வர்க்கத்தை எடு, எண்ணைக் கழி, மிச்சம் வர்க்கமா பார். உமையாளுக்கு மிகவும் பிடித்த முறை அதுதான். விடுதிப் படிக்கட்டில் உட்கார்ந்து தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டே சொல்வாள், “கீழேருந்து ஒவ்வொரு படியா ஏறாதடி, மேலேருந்து எறங்கிப் பாரு.” கீழிருந்து வந்தால் நூற்று அறுபத்தொன்பது படி. மேலிருந்து வந்தால் ஒன்று. இது தானாக அமைகிற எண் இல்லை. இதை யாரோ உட்கார்ந்து செய்திருக்கிறார்கள். போன புதன்கிழமை உமையாளோடு போனில் பேசும்போதும் ஜெசிந்தா கீழிருந்துதான் கேட்டாள். சாப்பிட்டியா, ஜலதோஷம் விட்டுச்சா, தண்ணி வருதா, லிஃப்ட் சரியாச்சா. எல்லாவற்றுக்கும் ஒரு ம் வந்தது. எல்லாவற்றுக்கும் ஏதோ மிச்சம் இருந்தது. பெரியதை எடுத்து ஒரே கேள்வியாகக் கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் வரும், பதில் வந்தால் போக வேண்டும். மூன்று வாரம் முன்னால் போயிருந்தபோது, அன்றைய எண் மட்டும் சின்னது, இரண்டாயிரத்து இருநூற்று ஒன்பது, நாற்பத்தேழின் வர்க்கம், ரெண்டு பேருக்கும் நாப்பத்தேழு வயசு ஆச்சுல்ல அதான் என்று சிரித்தாள், அன்று கிளம்பும்போது படியில் வைத்துக் கேட்டாள். “ஜெசி, அந்த டேபிள் இன்னும் வச்சிருக்கியா?” “மனப்பாடமே இருக்கு.” “எதுல முடியுது?” “தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தேழு. உனக்குத் தெரியாதா?” “எனக்குத் தெரியும். உனக்குத் தெரியுமான்னு பாத்தேன்.” ஏன் கேட்கிறாள் என்று தோன்றியதா? தோன்றியது. ஷேர் ஆட்டோ வந்துவிட்டது, ஏறிவிட்டாள்.

வெளியே புல் வெட்டும் இயந்திரத்தின் இரைச்சல் நின்று நின்று வந்தது. அறைக்குள் பச்சைப் புல் வாசனை நிறைந்தது. பகு எண் என்று தெரிந்ததும் காரணிகளைக் கூட்டுவது உமையாளின் பழக்கம். எண்ணை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கூட்டு. கூட்டினால் எண்ணே வந்தால் நிறைவெண், ஆறு மாதிரி, இருபத்தெட்டு மாதிரி. கூடினால் மிகையெண். குறைந்தால் குறைவெண். வேண்டாம் என்று நினைக்கும்போதே கூட்டிவிட்டாள். ஒன்றும் ஆயிரத்து ஒன்பதும் ஆயிரத்துப் பதின்மூன்றும். இரண்டாயிரத்து இருபத்து மூன்று. பத்து லட்சத்துக்கு மேல் கனக்கிற எண்ணுக்கு உள்ளே இருப்பதையெல்லாம் வழித்தெடுத்தாலும் இரண்டாயிரத்து இருபத்து மூன்றுதான். மகா குறைவெண். இரண்டாயிரத்து இருபத்து மூன்று, வர்றியா ஜெசி என்று அவள் கேட்ட அந்தப் புதன்கிழமை இருந்த வருடம். தற்செயல். எண்களுக்கு வருடம் தெரியாது. நூறு எண்களில் தேடினால் நூறு பொருத்தம் கிடைக்கும், பஞ்சாங்கக்காரன் வேலை இது, ஒரு கணக்கு வாத்தியார் செய்யலாமா? ஆனால் எண்களுக்குத் தெரியாதது உமையாளுக்குத் தெரியும். அவள் கட்டிலில் உட்கார்ந்து வருடத்தில் ஒன்றைக் கழித்து, மிச்சத்தை இரண்டு பகா எண்ணாகப் பிரித்து, இரண்டும் அட்டவணைக்கு வெளியே இருக்கிறதா என்று பார்த்து, பெருக்கியிருப்பாள். அத்தனை பொறுமையாக. எதற்கு? அட்டவணை முடிந்த பிறகும் ஒரு அடி எடுத்து வைப்பேனா என்று பார்க்கவா? கோபம் வந்தது. வாயைத் திறந்து வாடி என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன? யார் தடுத்தது? பிறகு கோபம் வந்த வேகத்திலேயே போயிற்று. சொன்னாளே. ஒரு புதன்கிழமை சொன்னாள். சனிக்கிழமை என்றேன். ஒருவேளை இதெல்லாம் என் மனசு கட்டுகிற கோட்டை, அவள் ஜெராக்ஸைப் பார்த்து, தொண்ணூற்றேழோடு நிறுத்தி, பகா எண் என்று அனுப்பிவிட்டு இப்போது ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருக்கிறாள், நான் பாதியில் ஓடிப்போய் கதவைத் தட்டினால் என்னடி பைத்தியமா உனக்கு என்பாள். அப்படிச் சொல்லிவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும். ஐம்பத்தேழு. திடீரென்று அந்த எண் வந்தது. விடுதியில், கல்யாணப் பேச்சு முறிந்துபோய் ஊரிலிருந்து திரும்பிய அன்று, யாரையும் பார்க்கப் பிடிக்காமல் கதவில் ஐம்பத்தேழு என்று கிறுக்கிவிட்டுத் தாழ்போடாமல் படுத்திருந்தாள் ஜெசிந்தா. பகா எண் என்று நினைத்து எழுதியது. உமையாள் பொட்டலத்தில் வாழைக்காய் பஜ்ஜியோடு உள்ளே வந்து காலடியில் உட்கார்ந்தாள். “மூணு பத்தொம்போது அம்பத்தேழு. கூப்பிட்ட, வந்துட்டேன்.” “தப்பா எழுதிட்டேன். போடி.” “நீ என்ன நெனச்சு எழுதினேங்கறது எனக்கெதுக்கு? நம்பர் வான்னு சொல்லுது.” அன்று முழுக்க அவள் போகவில்லை. ஜெசிந்தாவை அழவிட்டுப் பஜ்ஜியை அவளே தின்றுகொண்டிருந்தாள். நீ என்ன நினைத்து அனுப்பினாய் என்பது எனக்கெதற்கு? கடிகாரத்தில் பதினொன்று.

வராந்தாவில் தண்ணீர்க் குடத்தோடு செல்லக்கண்ணு அக்கா போய்க்கொண்டிருந்தாள். ஜெசிந்தா வாசல்படியில் நின்று, ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக, தாழ்ந்த குரலில் கூப்பிட்டாள். “அக்கா, வேலாயுதம் சாரைக் கொஞ்சம் வரச் சொல்லுங்க.” “அவரு பதினொண்ணரைக்குத்தான மேடம் டீக்கு மாத்தி விடுவாரு.” “இப்பவே வரணும். எனக்கு முடியலன்னு சொல்லுங்க.” செல்லக்கண்ணு அவள் முகத்தைப் பார்த்தாள். “அய்யோ, மொகமெல்லாம் வெளுத்துக் கெடக்கே. ஒக்காருங்க மேடம், எவன் வந்து கேக்கப்போறான்.” குடத்தை அங்கேயே வைத்துவிட்டுப் போனாள். ஜெசிந்தா உட்காரவில்லை. உட்கார்ந்தால் அந்த வீடு தெரிந்துவிடும் என்று பயந்தாள். நின்றாலும் தெரிந்தது. சாத்திய கதவு, பால்கனிக் கொடியில் ஒரே ஒரு துண்டு, மேசைமேல் கழற்றி வைத்த மூக்குக்கண்ணாடி. அந்த அறைக்குள் போகாமல் நினைப்பைத் திருப்பத் திருப்ப அது அங்கேயே போய் நின்றது. கீழ்வீட்டுக்காரர்களின் போன் நம்பரை வாங்கி வைக்க வேண்டும் என்று இரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தாள். வாங்கினால் எதற்கு வாங்குகிறோம் என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டிவரும். உமையாளுக்குத் தெரிந்தால் பிடிக்காது. அதனால் வாங்கவில்லை. எத்தனை அதனால்கள். இரட்டைச் சடைப் பெண் புத்தகத்தை மூடிவிட்டு, எதையோ அடித்து, மறுபடி முதலிலிருந்து எழுதிக்கொண்டிருந்தாள். பதினொன்று ஏழு. பதினொன்று பன்னிரண்டு. ஒன்பது இருபத்து நான்கிலிருந்து எவ்வளவு நேரம் என்று கழிக்க ஆரம்பித்து, கழிக்காமல் விட்டாள்.

வேலாயுதம் வாயில் எதையோ மென்றுகொண்டே வந்தார். “என்ன மேடம், பிபியா? காலைல ஏதாவது சாப்பிட்டீங்களா, இல்ல விரதமா?” “சார், ஒரு கணக்கத் தப்பாப் போட்டுட்டேன்.” “யாரு பேப்பர்ல? ரிசல்ட் வந்துருச்சா?” “என் கணக்கு. நான் இப்பப் போகணும், சார். நீங்க இங்க நிக்கணும்.” மெல்லுவதை நிறுத்தினார். “ஒரு மணி வரைக்குமா? மேடம், நடுவுல போனா மெமோ குடுப்பாங்க. பிரின்சிபாலப் பத்தித்தான் உங்களுக்குத் தெரியுமே, எழுதி வாங்காம விடமாட்டாரு.” “குடுக்கட்டும்.” “வீட்ல யாருக்காவது...?” வீட்டில் யாருக்கும் ஒன்றுமில்லை. சிநேகிதி என்று சொல்ல வாயெடுத்தாள், அந்த வார்த்தைக்கு இந்த அறையில் எடை போதாது என்று தோன்றியது. “அக்காவுக்கு,” என்றாள். அவர் அவள் கையிலிருந்த வருகைத்தாளை வாங்கிக்கொண்டார்.

கீழே கட்டுப்பாட்டு அறையில் எழுத்தர் ஸ்டூலில் உட்கார்ந்து உறைகளை அகரவரிசையில் அடுக்கிக்கொண்டிருந்தார். ரிலீவர் கடிதம் இருக்கா மேடம் என்றார். அவள் தன் பெயர் இருந்த உறையை இழுத்துக் கிழித்தாள். போன் உயிர்பெற எடுத்துக்கொண்ட நேரத்தில் அவர் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார், பதிவேடு, கையெழுத்து, விதி. திரை வெளிச்சமானது. சிக்னலைத் தேடியது. பிறகு ஒரே ஒருமுறை அதிர்ந்தது. ஒன்பது இருபத்து நான்கு, அவள் அனுப்பியது, பகா எண். ஒன்பது இருபத்தாறு, உமையாள், ‘சரி’. அதற்குக் கீழே வெகுநேரம் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததைத் திரையில் பார்க்க முடியாது, இரண்டு செய்திகளும் ஒட்டித்தான் இருந்தன. பத்து நாற்பத்தொன்று, உமையாள், ‘4’.

வேறு எதுவும் இல்லை. புள்ளிகூட வைக்கவில்லை. பகு எண்களிலேயே சின்னது அது. அதைவிடச் சின்னதாக எழுத வழியில்லை. அட்டவணை வேண்டாம், பென்சில் வேண்டாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளையும் தப்பாகச் சொல்ல முடியாத எண்ணைத் தேடி எடுத்து அனுப்பியிருக்கிறாள். ஆயிரத்துப் பதினொன்றின் வர்க்கத்திலிருந்து கழித்தால் வருகிற மிச்சமும் அதுதான். சரி என்று சொல்லிவிட்டு ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்திருந்து, பிறகு இன்னொருமுறை கேட்டிருக்கிறாள். பத்து நாற்பத்தொன்றுக்கு ஜெசிந்தா எங்கே இருந்தாள்? கதவுக்கும் கரும்பலகைக்கும் நடுவில் இருந்தாள், அட்டவணை முடிந்துவிட்டது என்று ஒரு பெண் சொல்ல, இருக்கிறதை வைத்து எழுது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது பதினொன்று இருபத்திரண்டு. அழைத்தாள். நீங்கள் அழைக்கும் எண் தற்போது அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று ஒரு பெண் அவசரமே இல்லாத குரலில் சொன்னாள். மறுபடி அழைத்தாள். அதே பெண். படியிறங்கிக்கொண்டே, கட்டைவிரல் இரண்டு தடவை தப்பான எழுத்தில் விழ, ‘பகு எண். வரேன்’ என்று அடித்து அனுப்பினாள். ஒரு டிக்தான் விழுந்தது, போய்ச் சேரவில்லை. கல்லூரி வாசலுக்கு நானூறு மீட்டர். பாதியில் செருப்பு வார் அறுந்தது, கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். நெடுஞ்சாலையில் மதுரைப் பேருந்து ஒன்று நிற்காமல் போயிற்று. பின்னால் வந்த ஆட்டோக்காரன் அவள் கையிலிருந்த செருப்பைப் பார்த்தான். “எங்கக்கா?” “கருமண்டபம்.” “அவ்ளோ தூரமா? ரிட்டர்ன் சவாரி கெடைக்காதே.” “போப்பா,” என்றாள். குரலில் என்ன இருந்ததோ, அவன் பேரம் பேசாமல் விசையைத் திருகினான். வெயில் ரப்பரும் தார்வாசனையுமாக உள்ளே அடித்தது. மடியில் போனை வைத்துக்கொண்டு பார்த்தாள். காலையில் அனுப்பியதற்குப் பக்கத்தில் இரண்டு, நீலமாக. இப்போது அனுப்பியதற்குப் பக்கத்தில் ஒன்று. மணிகண்டத்தில் தர்பூசணிக் குவியல் அப்படியே இருந்தது. பார்த்தாள், ஒன்று. ரயில்வே பாலத்தில் ஏறும்போது, அண்ணாந்து மூச்சை இழுத்துக்கொண்டு, திரையைத் தொட்டு இழுத்துவிட்டு மறுபடி பார்த்தாள். ஒன்றுதான்.